பையன் காய்ச்சும் பீரும் ஐயன் குடித்த சாராயமும்

போன வாரம் காலை நடையின்போது பழைய நண்பர் ஒருவர் என்னை ஓரமாக நிறுத்தி, "ஏனுங்க, உங்க பையன் அமெரிக்காவுல சாராயம் காய்ச்சறானாமே?" என்று கேட்டார். கூட வந்த இரண்டு பேர் வேறு பக்கம் பார்த்தார்கள். ஏதோ கல்யாண வீட்டில் என் வீட்டுக்காரம்மா கைப்பேசியில் காட்டிய படம் இப்படி ஊர் சுற்றி வந்திருக்கிறது. அந்தப் படத்தில் நானும் இருக்கிறேன். பெரிய பாத்திரத்துக்குப் பக்கத்தில் நீளக் கரண்டியோடு நிற்கிறேன்.

நடந்துகொண்டே சொல்லி முடிக்கிற பதில் இல்லை இது. அதனால் இங்கே எழுதுகிறேன். படித்துவிட்டு யாருக்காவது கோபம் வந்தால் வரட்டும்.

முதலில் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு 68 வயதாகிறது. இதுவரை ஒரு சொட்டு நாக்கில் பட்டதில்லை. கொள்கை என்று பெருமை பேச ஒன்றுமில்லை, பயம்தான் காரணம். என் ஐயன் பவானியில் ஜமக்காளம் நெய்தவர். அவர் போட்ட கரையில் ஒரு நூல் பிசகாது என்பார்கள். 1971-ல் மதுவிலக்கைத் தளர்த்திக் கடை திறந்தபோது எனக்கு 14 வயது. பிறகு மூடினார்கள், மறுபடி திறந்தார்கள். ஐயனுக்கு மூடியிருந்தபோதும் கிடைத்தது. சனிக்கிழமை வாங்கிய கூலி ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் வீட்டில் இருக்காது. 52 வயதில் போய்ச் சேர்ந்தார். கடைசி இரண்டு வருடம் கை நடுக்கத்தில் அவரால் நாடா ஓட்ட முடியவில்லை.

அப்படிப்பட்டவரின் பேரன்தான் போர்ட்லாண்டில் பீர் காய்ச்சுகிறான். போன வருடம் ஆகஸ்டில் நாங்கள் போனபோது கார் நிறுத்தும் அறையில் ஒரு பெரிய கண்ணாடி ஜாடியும் செம்புக் குழாய்ச் சுருளும் மூட்டை மூட்டையாகத் தானியமும் இருந்தன. என்ன என்று கேட்டேன். மறைக்காமல் சொன்னான். இரண்டு நாள் நான் அவனோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் சனிக்கிழமை. "வந்து பாருங்கப்பா. உங்க வேலைதான் இது" என்று கூப்பிட்டான்.

அவன் சொன்னது பொய்யில்லை. நான் 32 வருடம் பால் கூட்டுறவில் தரக்கட்டுப்பாடு பார்த்தவன். அந்த அறையில் இருந்த பாதிச் சாமான் எனக்குத் தெரிந்தது. கிருமி போக்க அவன் வைத்திருந்தது அயடோஃபோர். நாங்கள் பால் கேன் கழுவியதும் அதே பழுப்புத் தண்ணீரில்தான். அவன் கையில் இருந்த ஹைட்ரோமீட்டர் நம் லாக்டோமீட்டருக்கு அண்ணன். பாலில் 1.028 பார்த்துப் பழகிய கண்ணுக்கு அவன் சாற்றில் 1.052 பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அவன் செய்வது அமெரிக்கன் பேல் ஏல் என்கிற வகை. வெளிர் செம்பு நிறம், ஹாப்ஸ் வாசனை தூக்கலாக இருக்கும். இதைச் செய்ய இரண்டு வழி உண்டாம். சுண்டக் காய்ச்சிய மால்ட் பாகு டப்பாவில் கிடைக்கிறது. அதைத் தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவிட்டால் இரண்டு மூன்று மணி நேரத்தில் வேலை முடிந்தது. இன்னொன்று, தானியத்திலிருந்தே ஆரம்பிப்பது. இதற்கு முழுசாக ஒரு நாள் போய்விடும். என் பையன் செய்வது இந்த இரண்டாவது.

நாலேகால் கிலோ பார்லி மால்ட், நிறத்துக்கும் இனிப்புக்கும் 350 கிராம் கிரிஸ்டல் மால்ட். மால்ட் என்றால் வேறொன்றுமில்லை, முளைகட்டி உலர்த்திய தானியம். என் அம்மா பேரப்பிள்ளைகளுக்குக் கேழ்வரகை முளைகட்டி உலர்த்தி அரைப்பாரே, அதே சங்கதி. முளை விடும்போது தானியத்துக்குள் நொதிகள் உண்டாகின்றன. குருணையாக உடைத்த மால்ட்டைச் சுடுதண்ணீரில் கலந்து 67 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால், அந்த நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிவிடும். சூடு இரண்டு மூன்று டிகிரி குறைந்தால் பீர் தண்ணியாகும், கூடினால் கனமாகும். பாலை 63 டிகிரியில் அரை மணி நேரம் பிடித்து வைத்துப் பழகிய எனக்கு, தெர்மாமீட்டரை விட்டு நகராமல் அவன் நின்ற நிற்பு பிடித்திருந்தது.

மூடியைத் திறந்ததும் அறை முழுக்க ஹார்லிக்ஸ் வாசம். ஆச்சரியமில்லை, ஹார்லிக்ஸிலும் மால்ட் பார்லிதானே. வடித்த சாற்றை ஒரு கரண்டி குடித்துப் பார்த்தேன். அதில் ஆல்கஹால் கிடையாது, ஈஸ்ட் போட்ட பிறகுதான் அது வரும். நல்ல தித்திப்பு.

பிறகு ஒரு மணி நேரக் கொதி. நுரை கட்டிப் பால் போலவே பொங்கும். கரண்டியும் கையுமாக நான் நின்றது அப்போதுதான். படமும் அப்போது எடுத்ததுதான். கொதிக்கத் தொடங்கியதும் கொஞ்சம் ஹாப்ஸ். அது கசப்புக்கு. நேரம் ஆக ஆக வாசனை எல்லாம் ஆவியாகிக் கசப்பு மட்டும் தங்கும். அதனால் வாசனைக்கு வேண்டியதைக் கடைசி 15 நிமிடத்திலும் அடுப்பை அணைத்த பிறகும் போடுகிறான். ரசத்துக்கு மல்லித்தழையை இறக்கும்போது போடுகிற கணக்குதான். புளித்து முடிகிற சமயத்தில் இன்னும் ஒரு 50 கிராம் உலர்ந்ததாகவே போடுகிறான். செம்புச் சுருளுக்குள் குழாய்த் தண்ணீரை ஓடவிட்டு, சூட்டை அரை மணியில் 20 டிகிரிக்கு இறக்கி, ஈஸ்ட் சேர்த்து ஜாடியில் மூடி வைத்தான். இரண்டு வாரம் புளிக்க வேண்டும். 1.052 காட்டியது 1.012-க்கு இறங்கும். அப்போது ஆல்கஹால் 5 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே. பிறகு புட்டியில் அடைத்து இன்னும் இரண்டு மூன்று வாரம். ஆக, அன்றைக்குக் காய்ச்சியதைக் குடிக்க ஐந்து வாரம் ஆகும். அன்று வேலை முடிந்து எல்லாவற்றையும் கழுவிக் கவிழ்த்தபோது சாயந்திரம் நாலு மணி. அடுப்பில் நின்ற நேரத்தைவிடக் கழுவிய நேரம்தான் அதிகம்.

செப்டம்பரில் ஒரு நாள் வில்லாமெட் பள்ளத்தாக்கில் ஹாப்ஸ் தோட்டம் காட்டக் கூட்டிப் போனான். உயரமான கம்பங்கள், கம்பி, அதில் சுற்றி ஏறும் கொடி. நம் வெற்றிலைக் கொடிக்காலை இரண்டு மூன்று மடங்கு உயரத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். பச்சைக் காயைப் பிய்த்தால் உள்ளே மஞ்சள் பொடி. கசக்கி மோந்தால் நாரத்தைத் தோல் வாசம். அவன் போடும் கேஸ்கேட் என்ற ரகத்தை அதே மாநிலத்தில் கார்வாலிஸில் அரசாங்க விவசாய ஆராய்ச்சியாளர்கள் உருவாக்கி 1972-ல் வெளியிட்டார்கள். அங்கே தெரியும் மலைத்தொடரின் பெயரையே வைத்துவிட்டார்கள். இந்த வகை பீருக்கு முகவரி தந்தது அந்த ரகம்தான்.

அமெரிக்காவிலும் மதுவிலக்கு இருந்தது நம்மில் பலருக்குத் தெரியும், 1920 முதல் 1933 வரை. விலக்கு போன பிறகும் வீட்டில் பீர் காய்ச்சுவது மட்டும் பல வருடம் சட்டவிரோதமாகவே இருந்தது. 1978-ல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம்தான் அதை மாற்றியது. இரண்டு பெரியவர்கள் இருக்கும் வீட்டில் வருடத்துக்கு 200 கேலன் வரை காய்ச்சலாம், விற்கக் கூடாது. அந்தச் சலுகை வடித்தெடுக்கும் சாராயத்துக்குக் கிடையாது. கலிஃபோர்னியாவில் சிகோ என்ற ஊரில் வீட்டு பீருக்குச் சாமான் விற்கும் கடை வைத்திருந்த கென் கிராஸ்மன் என்பவர், 1980-ல் சியரா நெவாடா என்ற ஆலையில் காய்ச்சத் தொடங்கினார். அவருடைய பேல் ஏல்தான் கேஸ்கேட் வாசனையை ஊரெங்கும் கொண்டுபோனது. அந்த முதல் ஆலையைப் பழைய பால்பண்ணைச் சாமான்களை வாங்கி ஒட்டவைத்துக் கட்டினார்களாம். அதைக் கேட்டதும், பார்க்காத அந்த மனிதர் மேல் எனக்கு ஒரு பிரியம் வந்துவிட்டது.

இவ்வளவு கதை எதற்கு? கையால் செய்தால் மது நல்லதாகிவிடுமா என்று நீங்கள் கேட்பீர்கள். ஆகாது. 5 சதவீதம் என்றாலும் ஆல்கஹால் ஆல்கஹால்தான். எந்த அளவும் உடம்புக்குப் பாதுகாப்பானது இல்லை என்று உலக சுகாதார நிறுவனமே 2023-ல் சொல்லியிருக்கிறது. என் ஐயனும் பெரிய கைவேலைக்காரர்தான். கைத்திறமை அவரைக் காப்பாற்றவில்லை.

என் மனசு மாறியது அந்த நாரத்தை வாசத்தால் அல்ல, ஒரு நோட்டுப் புத்தகத்தால்.

பையன் ஒவ்வொரு முறையும் காய்ச்சியதை எழுதி வைக்கிறான். தேதி, எடை, சூடு, ஹைட்ரோமீட்டர் அளவு எல்லாம் இருக்கும். தரக்கட்டுப்பாட்டுக்காரன் பிள்ளை அல்லவா. பின் பக்கத்தில் புட்டிக் கணக்கு. ஒரு முறைக்கு 48 புட்டி வருகிறது. பக்கத்து வீட்டுக்காரருக்கு 6, ஆபீஸ் நண்பர்களுக்கு 12 என்று யாருக்கு எத்தனை போனது, தான் குடித்தது எத்தனை என்று கோடு போட்டு எழுதியிருந்தான். ஒரு பக்கத்தில் அவன் குடித்தது ஏழு வாரத்துக்கு 11. வரவையும் செலவையும் நான் கூட்டிப் பார்த்தேன். சரியாக இருந்தது.

ஒரு பக்கத்தில் மட்டும் கணக்கு இல்லை. வெறும் தேதி. அது டப்பாப் பாகில் காய்ச்சிய காலம்.

"இது என்னடா?" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "வேலை போன மாசம்ங்கப்பா. உங்ககிட்ட நான் சொல்லல. அந்த மாசம் எண்ணல."

பிறகு அவனே கேட்டான். "அப்பாரு மாதிரி ஆயிருவேன்னு பயப்படறீங்களா?"

"ஆமா" என்றேன். வேறு என்ன சொல்வது?

அதன் பிறகு நாலு மாதம் அவன் தொடவே இல்லையாம். மறுபடி ஆரம்பித்தபோது மருமகளோடு உட்கார்ந்து பேசி இரண்டு ஏற்பாடு செய்திருக்கிறான். கடையில் வாங்குவதில்லை. டப்பாப் பாகும் கிடையாது, தானியத்திலிருந்துதான். "கடை பத்து நிமிஷ தூரம்ங்கப்பா. குடிக்கணும்னா அங்க போயிரலாம். இது ஒரு நாள் வேலை, அப்புறம் அஞ்சு வாரம் காத்திருக்கணும். அதுக்காகத்தான் இதுக்கு மாறினேன்" என்றான்.

என் கருத்து இங்கேதான் இருக்கிறது. குடி என்றால் எல்லாம் ஒன்று என்று இத்தனை வருடம் சொல்லிவந்தேன். இப்போது அப்படிச் சொல்ல மாட்டேன். ஐயன் குடித்தது மறைவில், எண்ணாமல், நாக்குக்கு ருசியே தெரியாமல். ஒரே மடக்கில் ஊற்றிக்கொண்டு முகத்தைச் சுளிப்பார். என் பையன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், பெண்டாட்டிக்குத் தெரிந்து, எண்ணி, மோந்து பார்த்துக் குடிக்கிறான். இது நடுவில் நிற்கும் ஒரு தடுப்பு. ஆனால் தடுப்பு என்றுதான் சொல்கிறேன், மருந்து என்று சொல்லவில்லை. எங்கள் ரத்தத்தில் இருப்பது அவன் ரத்தத்திலும் இருக்கிறது. எண்ணுவதை நிறுத்தினால் அன்றைக்கே இந்தத் தடுப்பும் போய்விடும். ஒரு பக்கம் வெறுமையாகக் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

இதைப் படித்துவிட்டு இங்கே யாரும் பானை வைத்துவிட வேண்டாம். நம் ஊரில் வீட்டில் மது காய்ச்சுவது சட்டப்படி குற்றம். குடியை விட முடியாமல் தவிப்பவர்களுக்கு இதில் வழி ஒன்றும் கிடையாது. அவர்கள் போக வேண்டியது டாக்டரிடம். ஐயனை அப்படிக் கூட்டிப்போக அன்றைக்கு எங்களுக்குத் தெரியவில்லை.

நாங்கள் கிளம்புவதற்கு முன் அந்தச் சனிக்கிழமை காய்ச்சியது தயாராகிவிட்டது. ஒரு கிளாஸில் ஊற்றி என் முன்னால் வைத்தான். கையில் எடுத்து மோந்தேன். அதே நாரத்தைத் தோல், அடியில் லேசாக ஹார்லிக்ஸ். நல்ல வாசம் என்று சொல்லி அவனிடமே திருப்பிக் கொடுத்தேன். அவனும் வற்புறுத்தவில்லை.

நண்பருக்கு என் பதில்: சாராயம் இல்லீங்க, பீர். ஆமாம், காய்ச்சுகிறான்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் பேசும்போது முதலில் பேத்தியைப் பற்றிக் கேட்பேன், அடுத்து "நோட்டு எழுதறயா?" என்பேன். சிரித்துக்கொண்டே பக்கத்தைப் படம் பிடித்து அனுப்புவான். நேற்று வந்ததில் 48-க்கு 19 பாக்கி. கூட்டிப் பார்த்தேன், சரியாக இருந்தது.