அத்தைக்குக் கடல் காட்டிய நாள்

எங்கள் அத்தைக்கு எழுபத்திரண்டு வயது. கல்யாணமாகி மொரப்பூருக்கு வந்ததிலிருந்து ரயில் தண்டவாளத்துக்கு நாலு தெரு தள்ளித்தான் குடியிருப்பு. மெட்ராஸ் வண்டி போகும் சத்தத்தைக் கேட்டே மணி சொல்லுவார். ஆனால் அந்த வண்டி போய் நிற்கிற ஊரை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. கடலையும் பார்த்ததில்லை.

போன மாதம் மூட்டு வலிக்கு டாக்டரிடம் காட்டிவிட்டு வந்தோம். ஆபரேஷன் செய்யலாம் என்று சொல்லியிருந்தார். அன்று சாயங்காலம் பூண்டு உரித்துக்கொண்டே அத்தை மெதுவாகச் சொன்னார்: "ஆபரேஷனுக்கு அப்புறம் எப்படி நடப்பேனோ, யாரு கண்டா. அதுக்கு முன்னால ஒருதரம் கடலைப் பாத்துடணும் கண்ணு."

இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. அந்த வாரமே ராத்திரி வண்டிக்கு டிக்கெட் போட்டோம். ப்ளஸ் டூ படிக்கும் என் மகள், மெட்ராஸில் பார்க்க வேண்டிய இடங்கள் என்று செல்போனில் பதினான்கைக் குறித்து வைத்திருந்தாள். கையில் ஒரே ஒரு நாள், கூட ஒரு வலிக்கிற முட்டி. பதினான்கையும் விட்டுவிட்டு, கடலை ஒட்டிய பக்கம் மட்டும் என்று முடிவு செய்தோம். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது ஜோலார்பேட்டை தாண்டும் வரை இறங்கவில்லை.

சென்ட்ரலில் இறங்கி, விடியும் நேரத்தில் ஆட்டோ பிடித்து, கடற்கரைச் சாலையில் கலங்கரை விளக்கத்துக்கு அருகே இறங்கினோம். இங்கேதான் நான் தப்புக் கணக்குப் போட்டிருந்தேன். மெரினாவில் ரோட்டை விட்டு இறங்கினால் கடல் இல்லை, மணல்தான். நடந்தால் நடந்துகொண்டே இருக்க வேண்டிய மணல். அத்தை இருபது அடி வைத்தார். கால் புதைந்தது, முட்டி ஒத்துழைக்கவில்லை. திரும்பி வந்து நடைபாதைத் திட்டில் உட்கார்ந்துவிட்டார். தூரத்தில் நீலமாக ஒரு கோடு தெரிந்தது. சூரியன் அதற்கு மேலே வந்தது.

"இதானா கடலு? நம்ம ஏரி ரொம்புனா இப்படித்தானே தெரியும்" என்றார். கேலியாகச் சொல்லவில்லை, ஏமாற்றத்தை மறைத்துக்கொண்டு சொன்னார். எனக்குச் சங்கடமாகிவிட்டது.

அந்த மணலுக்கு ஒரு கதை உண்டு. நானும் பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். மெட்ராஸ் துறைமுக நகரம் என்கிறோம். ஆனால் கப்பல் ஒதுங்க இயற்கையான இடம் எதுவும் இந்தக் கரையில் கிடையாது. நேர்க்கோடாகக் கரை, ஓயாத அலை. வெள்ளைக்காரர்கள் கோட்டை கட்டி இருநூறு வருஷத்துக்கு மேல், கப்பல்கள் நடுக்கடலில்தான் நின்றன. மசூலா என்ற படகுதான் ஆளையும் மூட்டையையும் கரை சேர்த்தது. பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த படகு. ஆணி அடித்திருந்தால் அலை அடித்த அடியில் உடைந்திருக்குமாம்.

1870-களில் கடலுக்குள் இரண்டு கைகள் மாதிரி கல் சுவர் எழுப்பி, துறைமுகம் கட்ட ஆரம்பித்தார்கள். 1881-ல் வந்த புயல் அதைச் சிதைத்தது. மறுபடி கட்டினார்கள். இந்தக் கரையில் கடல் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். குறுக்கே சுவர் வந்ததும், தள்ளிய மணல் அங்கே தங்க ஆரம்பித்தது. கடல் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. அப்படிச் சேர்ந்து அகலமானதுதான் இன்றைய மெரினா. தெற்கே சேர்ந்த மணல் வடக்கே போகவில்லை என்பதால், ராயபுரம் பக்கம் கடல் ஊருக்குள் நுழைந்து கரையை அரித்தது. அங்கே கல் கொட்டித் தடுத்து வைத்திருக்கிறார்கள். நாம் காற்று வாங்குகிற மணல், இன்னொரு பேட்டைக்காரர்கள் இழந்த கரை.

சரி, அத்தை விஷயத்துக்கு வருகிறேன். டீயும் இட்லியும் ஆனபிறகு, கலங்கரை விளக்கம் திறக்கக் காத்திருந்தோம். 1977-லிருந்து எரிகிற விளக்கு. பாதுகாப்புக் காரணத்தால் பல வருஷம் பொதுமக்களை விடாமல் இருந்து, 2013 நவம்பரில்தான் மறுபடி திறந்தார்கள். திங்கட்கிழமை போகாதீர்கள், விடுமுறை. முட்டி வலிக்காரர்களுக்கு நல்ல சேதி, இங்கே லிஃப்ட் இருக்கிறது.

மேலே போனதும் அத்தை கம்பியைப் பிடித்துக்கொண்டு பேச்சில்லாமல் நின்றார். கீழே இருந்து பார்த்த கோடு, இங்கிருந்து முடிவே இல்லாமல் விரிந்திருந்தது. வடக்கே துறைமுகத்தின் கிரேன்கள் தெரிந்தன. வெளியே ஏழெட்டுக் கப்பல்கள், உள்ளே போக முறைக்காகக் காத்து நின்றன. துறைமுகத்துக்குள் நம்மை விடமாட்டார்கள். கப்பல் பார்க்க நமக்கு வாய்த்தது இந்த மாடிதான்.

"ரங்கூன் அரிசி இதுலதான் வந்துதா?" என்று கேட்டார். அவருடைய அம்மா சொன்ன கதை அது. பர்மா அரிசி கப்பலில் மெட்ராஸ் வந்து, ரயிலேறி நம்ம பக்கம் வருமாம். 1942-ல் பர்மா ஜப்பான்காரன் கைக்குப் போனதும் அது நின்றுபோனது. அப்புறம் வீட்டில் கஞ்சிதான். இந்தத் துறைமுகத்துக்கும் நம்ம அடுப்புக்கும் இப்படி ஒரு தொடர்பு இருந்திருக்கிறது.

தண்டவாளமும் அப்படித்தான். 1856 ஜூலை 1-ந் தேதி, தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பியது ராயபுரத்திலிருந்து, அதாவது துறைமுகத்தின் வாசலிலிருந்து. அதை ஜோலார்பேட்டை, சேலம் என்று நீட்டி, 1862-க்குள் மேற்குக் கரையில் பேப்பூர் வரை கொண்டுபோய்விட்டார்கள். ஒரு கடலில் தொடங்கி இன்னொரு கடலில் முடிகிற பாதை. அதன் நடுவில் நம்ம மொரப்பூர்.

இறங்கி வந்ததும் ஒரு சுண்டல்கார அம்மா அத்தையின் நடையைப் பார்த்துவிட்டு, "ஐஸ் ஹவுஸ்க்கு எதிர்ல மரப்பாதை போட்டிருக்காங்களே, அதுல கூட்டிட்டுப் போறது" என்றார். எனக்கு அது தெரியவே தெரியாது. மகளின் பதினான்கிலும் அது இல்லை!

ஐஸ் ஹவுஸ் என்பது இப்போதைய விவேகானந்தர் இல்லம். 1842 வாக்கில் கட்டிய வட்டமான கட்டடம். அமெரிக்காவில் பாஸ்டன் பக்கம் குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளை ரம்பத்தால் அறுத்து, பாளம் பாளமாகக் கப்பலேற்றி இங்கே கொண்டுவந்து விற்றார் டியூடர் என்ற வியாபாரி. மரத்தூள் போட்டுப் பொதிந்து, மாதக்கணக்கில் வெயில் கடலைக் கடந்து வந்த ஐஸ். ஊரிலேயே ஐஸ் செய்யும் மெஷின் வந்ததும் வியாபாரம் படுத்தது. 1897-ல் மேல்நாட்டிலிருந்து திரும்பிய விவேகானந்தர் ஒன்பது நாள் இங்கே தங்கினார். உள்ளே கண்காட்சி இருக்கிறது. நாங்கள் போகவில்லை. அத்தையின் கண் எதிர்ப்பக்கமே இருந்தது.

எதிரே மணலின் மேல் அகலமான மரப்பாதை. மாற்றுத்திறனாளிகள் அலை வரைக்கும் போவதற்காக 2022 நவம்பரில் திறந்தது, 263 மீட்டர் நீளம். திறந்த அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமாகி, சரிசெய்தார்களாம். இந்தக் கடலுக்கு முன்னால் என்ன கட்டினாலும் ஒரு புயல் வந்து சோதித்துப் பார்த்துவிடும் போல. சக்கர நாற்காலியில் ஒரு பெரியவர் எங்களைத் தாண்டிப் போனார். அத்தை ஒரு கையால் கைப்பிடியையும் இன்னொரு கையால் என் தோளையும் பிடித்துக்கொண்டு, நின்று நின்று நடந்தார். கடைசி வரை போனார்.

பாதை முடிந்த இடத்திலிருந்து கொஞ்சம் ஈர மணல். அது கெட்டியாக இருந்ததால் கால் புதையவில்லை. கணுக்கால் அளவு தண்ணீரோடு நிறுத்திக்கொண்டோம். இங்கே குளிக்க இறங்கக் கூடாது, உள்ளிழுக்கும் கடல். வருஷா வருஷம் பிள்ளைகளைப் பறிகொடுக்கிறோம்.

அலை வந்து காலைச் சுற்றித் திரும்பியதும் அத்தை என் கையை இறுகப் பிடித்தார். "பூமி நகருதே கண்ணு!" அப்புறம் சிரித்தார். அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்து நாளாயிற்று. வீட்டுக்காரர் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். உப்புக் காற்று என்றார்.

மத்தியானம் கட்டிக்கொண்டு போன புளிசாதத்தைச் சாப்பிட்டுவிட்டு, ஆட்டோவிலேயே மீதியைச் சுற்றினோம். கோட்டை மியூசியத்தில், 1947 ஆகஸ்ட் 15 அன்று கோட்டையில் ஏற்றிய தேசியக் கொடியை வைத்திருக்கிறார்கள். பாப்பாரப்பட்டி சுப்பிரமணிய சிவா நினைவிடத்தைப் பார்த்து வளர்ந்த நம்ம மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு அதைக் காட்டியே ஆக வேண்டும். மகள் செல்போனை உள்ளே வைத்துவிட்டு நின்று பார்த்தாள். பக்கத்தில் ஐகோர்ட். அதன் கோபுரத்தில் 1894-லிருந்து கலங்கரை விளக்கம் எரிந்தது, வளாகத்தில் அதற்கும் மூத்த 1844 விளக்குத் தூண் இன்னும் நிற்கிறது. 1914 செப்டம்பர் 22 ராத்திரி எம்டன் கப்பல் குண்டு போட்டதற்கும் மதில் ஓரம் ஒரு கல்வெட்டு உண்டு. "எம்டன் பய" என்று நம்ம வீட்டில் வாலுப் பிள்ளைகளைத் திட்டுவது அதிலிருந்துதான்.

தீவுத்திடல் பக்கம் குதிரை மேல் இருக்கும் மன்றோ சிலையை ஆட்டோக்காரர் காட்டினார். ஆளுநராவதற்கு முன் 1790-களில் நம்ம தருமபுரியில் வேலை பார்த்தவர், அங்கேயும் அவருக்குத் தூண் இருக்கிறது என்று நான் சொன்னதும், "அப்ப உங்க ஊர்க்காரருன்னு சொல்லுங்க" என்றார்.

ராத்திரி வண்டியில் ஏறியதும்தான் கவனித்தேன். அத்தையின் பைக்குள் ஒரு தண்ணீர் பாட்டில், நிறைய கடல் தண்ணீர். எப்போது பிடித்தாரோ! ஊருக்கு வந்ததும் பூஜை அலமாரியில் விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். போன வெள்ளிக்கிழமை வீடு துடைக்கும்போது மகள் அதை எடுத்து முருங்கைக்கு ஊற்றப் போனாள். அத்தை போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்களே எட்டிப் பார்த்தார்கள். ஆபரேஷன் தை மாதத்துக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். பாட்டில் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது.