விற்கும் நாளுக்கு மட்டும் மின்னும் ஹெட்லைட்

பாவித்த வாகனம் வாங்கப் போனால் எஞ்சின் சத்தத்தைக் கேட்கிறோம், டயரைக் குனிந்து பார்க்கிறோம், மீட்டரில் ஓடிய தூரத்தைச் சந்தேகப்படுகிறோம். ஆனால் முன்னால் இரண்டு ஹெட்லைட்டும் பளிச்சென்று இருந்தால், வண்டியை நன்றாகத்தான் வைத்திருக்கிறார்கள் என்று மனம் தானாகவே இளகிவிடுகிறது. இது தெரிந்த சிலர், விற்பதற்கு முதல் நாள் பற்பசையும் பழைய துணியும் எடுத்துக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்துவிடுகிறார்கள். அரை மணித்தியால வேலைதான். மஞ்சள் படிந்து கிடந்த விளக்கு கண்ணாடி போலாகிவிடும். வாங்கியவர் வீட்டில் சில மாதங்களுக்குள் அது பழைய கோலத்துக்கே, பல வேளைகளில் அதைவிட மோசமாக, திரும்பிவிடும்.

இதெல்லாம் ஒரு விடயமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வியாபாரி என்ற வகையில் இது பெரிய விடயம் என்பதே என் கருத்து.

மொரிஸ் மைனர் காலத்து வண்டிகளின் ஹெட்லைட் அசல் கண்ணாடி. உடையுமே தவிர மஞ்சளாகாது. இப்போது வண்டிகளில் இருப்பது பொலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். அமெரிக்காவில் 1984ஆம் ஆண்டின் லிங்கன் மார்க் VII காரோடு இந்த வகை விளக்குகள் பரவத் தொடங்கின. பாரம் குறைவு, கல் பட்டாலும் இலகுவில் உடையாது, எந்த வடிவத்திலும் வார்க்கலாம். ஆனால் அதற்கு இரண்டு பலவீனங்கள்: இலகுவில் கீறல் விழும், வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்காது. அதனால்தான் தொழிற்சாலையிலேயே அதன்மேல் மெல்லிய, கடினமான ஒரு பூச்சு பூசப்படுகிறது. நம் நாட்டு வெயிலிலும், வீதி மணலிலும், கரையோரக் காற்றிலும், கடை வாசலில் காலை முதல் மாலை வரை நிறுத்தி வைக்கும் பழக்கத்திலும் அந்தப் பூச்சு சில வருடங்களில் களைத்துப் போகிறது. வானத்தைப் பார்த்திருக்கும் மேற்பகுதி முதலில் மஞ்சளாவது அதனால்தான்.

பற்பசையில் இருப்பது மிக நுண்ணிய தேய்ப்புத் தூள். அது மஞ்சளை எடுத்துவிடும். கூடவே மிச்சம் மீதியாக இருந்த காவற்பூச்சையும் தேய்த்துவிடும். அதன்பின் வெறும் பிளாஸ்டிக் வெயிலைப் பார்த்து நிற்கிறது. கொசு விரட்டும் மருந்தைத் தடவுபவர்கள் இன்னும் ஒருபடி மேலே போகிறார்கள். அதிலுள்ள டீட் என்ற இரசாயனம் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பையே கரைத்துத்தான் அந்தப் பளபளப்பைத் தருகிறது. பெற்றோல், தின்னர், அசிட்டோன் பட்டாலோ நுண்ணிய வெடிப்புகள் விழும். அவற்றை எடுக்க வழியில்லை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் இருந்த வண்டிகளையே நாம் கைமாற்றிக் கைமாற்றி ஓட்டினோம். அதனால் மங்கிய விளக்கோடு ஓடும் வண்டிகள் இன்று எல்லா ஊரிலும் உண்டு. கல்முனை, காத்தான்குடிப் பக்கத்திலிருந்து புறக்கோட்டைக்குச் சரக்கெடுக்க வரும் எம்மவர்கள் பெரும்பாலும் இரவில்தான் புறப்படுகிறார்கள். பொலன்னறுவை தாண்டி மின்னேரியா, ஹபரணை வழியில் யானை வீதியைக் கடப்பது அவர்களுக்குப் புதினமல்ல. இருட்டில் கரும்பாறை போல நிற்கும் யானையை எத்தனை யார் தூரத்தில் காண்கிறோம் என்பதில்தான் உயிர் இருக்கிறது. அமெரிக்க வாகன ஓட்டுநர் சங்கமான ஏ.ஏ.ஏ. 2018இல் வெளியிட்ட சோதனையில், மங்கி மஞ்சளான விளக்கு புதியதன் ஒளியில் சுமார் 20 வீதத்தையே தந்தது. முறையாகத் தேய்த்துப் பூச்சிட்டபோது அது சுமார் 70 வீதம் வரை உயர்ந்தது. கம்பனி அசல் விளக்கு மாற்றினால் 100 வீதம். வேறு தயாரிப்பாளர்களின் மாற்று விளக்கென்றால் 83 முதல் 90 வீதம், அதிலும் ஒளி விழும் திசை பிசகுவதற்கு இடமுண்டு.

ஆகவே வீட்டில் செய்யலாமா என்றால், தாராளமாகச் செய்யலாம். பொறுமையுள்ளவருக்கு ஒரு ஞாயிறு காலை போதும்.

முதலில் விளக்கின் மேல் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். நனைந்திருக்கும்போது தெளிவாகத் தெரிந்தால் குறை வெளிப்புறத்தில் இருக்கிறது, வேலை பலிக்கும். நனைந்தும் மங்கலாகவே இருந்தால் உள்ளே ஈரம் புகுந்திருக்கலாம், அல்லது உள்ளிருக்கும் வெள்ளித் தகடு கருகியிருக்கலாம். வெளியே எவ்வளவு தேய்த்தும் பயனில்லை. நகத்தில் தட்டுப்படும் ஆழமான கீறலும் முழுதாகப் போகாது.

சவர்க்காரம் போட்டுக் கழுவி, சுற்றியுள்ள பெயின்ட்டை மாஸ்கிங் டேப்பால் இரண்டு அடுக்கு மூடுங்கள். பூச்சு உரிந்து கிடந்தால் 800ஆம் நம்பர் வோட்டர் பேப்பர், இல்லாவிட்டால் 1000. தண்ணீர் விட்டுக்கொண்டே தேய்க்க வேண்டும். முதலில் மஞ்சள் பாலாக வடியும். வெள்ளைப் பாலாக மாறினால் பழைய பூச்சு போய்விட்டது என்று அர்த்தம். பிறகு 1500, 2000, முடிந்தால் 3000. ஒரு பேப்பரைக் குறுக்காகத் தேய்த்தால் அடுத்ததை நெடுக்காகத் தேயுங்கள். முந்தியதன் கோடு மிச்சமிருந்தால் உடனே கண்ணில் படும். இந்தக் கட்டத்தில் விளக்கு முழுதும் பனி படர்ந்தது போல வெள்ளையாகிவிடும். பலர் இங்கேதான் பயந்து போய் கராஜுக்கு ஓடுகிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை, அப்படித்தான் ஆகும்.

அடுத்ததாகக் காவற்பூச்சு. இதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. துணியால் தடவும் பூச்சென்றால் முதலில் கொம்பவுண்ட் போட்டுப் பளபளப்பாக்கி, ஐசோபுரோப்பைல் அல்கஹோலால் எண்ணெய்ப்பசை போகத் துடைத்து, நிழலில் வைத்துத் தடவ வேண்டும். அது நெடுங்காலம் நிற்காது; வருடத்துக்கு ஒருமுறை என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஹாட்னர் கலந்து ஸ்பிரே பண்ணும் டூ-கே கிளியர் கூடுதல் காலம் உழைக்கும். அதற்குக் கொம்பவுண்ட் போட்டுப் பளபளப்பாக்கக் கூடாது; தேய்த்த பரப்பில்தான் பிடிக்கும், தெளிவை அந்தக் கிளியரே தந்துவிடும். ஆனால் அதன் புகை நுரையீரலுக்கு ஆகாது. சாதாரண துணி மாஸ்க் அதைத் தடுக்காது. உரிய மாஸ்க் இல்லாதவர், வீட்டில் பிள்ளைகள் சுற்றித் திரியும் இடத்தில், அதைத் தொடவே வேண்டாம். அந்த ஒரு வேலையைப் பெயின்ட் கடைக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். எதை வாங்கினாலும் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் என்று டின்னில் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

மங்கிய விளக்குக்குள் கூடுதல் வெளிச்சமுள்ள எல்.ஈ.டி. பல்ப் போட்டுச் சமாளிப்பவர்களும் இருக்கிறார்கள். வெளிச்சம் வீதியில் விழாமல் சிதறி எதிரே வருபவரின் கண்ணில்தான் விழும்.

இனி விற்பனைக்கு வருவோம். ஆட்டையும் ஒட்டகத்தையும் சில நாட்கள் கறக்காமல் விட்டு, மடி பெருத்திருக்கும்போது சந்தைக்குக் கொண்டுவரும் பழக்கம் அக்காலத்தில் இருந்தது. நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுத்தார்கள். அப்படி ஏமாந்து வாங்கியவர் கறந்து பார்த்த பின்னும் பிராணியைத் திருப்பிக் கொடுக்கலாம், கூடவே ஒரு ஸாஉ பேரீச்சம்பழம் கொடுத்தால் போதும் என்று வழியும் காட்டினார்கள். முதல் நாள் பற்பசை தேய்த்த ஹெட்லைட்டுக்கும் கறக்காமல் விட்ட மடிக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. விற்க முன் வண்டியைக் கழுவித் துடைப்பதில் குற்றமில்லை, அது அழகு. சில மாதங்களில் கலையும் என்று தெரிந்தே ஒரு குறையை மூடி, அதற்கும் சேர்த்து விலை கேட்பது வேறு. பள்ளியில் முன் ஸப்பில் நிற்கும் சிலரும் இதைக் கெட்டித்தனம் என்று சொல்வதுதான் எனக்குக் கவலை.

நட்டம் வரும் என்ற பயமும் வீணானது. “ஹெட்லைட்டைத் தேய்த்து கிளியர் அடித்திருக்கிறேன், இந்த மாதம்தான் அடித்தது” என்று சொல்லி விற்பவரிடம் வாங்குபவருக்கு மற்ற விடயங்களிலும் நம்பிக்கை வரும். பூச்சு அடிக்கவில்லையென்றால் அதையும் சொல்லி அதற்குரிய தொகையைக் குறைத்துக் கொடுக்கலாம். பஞ்சிகாவத்தையில் ஒரு ஜோடி விளக்கு வாங்கும் செலவோடு ஒப்பிட்டால் அது சொற்பம்.

இதைத் தொழிலாகச் செய்ய விரும்பும் இளைஞர்களுக்கும் இடமிருக்கிறது. முதல் பெரிதாகத் தேவையில்லை. வாளி, பேப்பர், கொம்பவுண்ட், நல்ல பூச்சு, ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தால் கடை கடையாகப் போய்ச் செய்யலாம். ஆனால் தேய்த்துப் பளபளக்க வைத்துவிட்டுக் காசை வாங்கிக்கொண்டு போகும் ஆட்களால் இந்தத் தொழிலின் பெயர் ஏற்கனவே கெட்டிருக்கிறது. தேய்ப்புக்கு ஒரு விலை, பூச்சுக்கு ஒரு விலை என்று பிரித்துச் சொல்லுங்கள். செய்விப்பவர்களும் வேலை முடிந்ததும் என்ன பூச்சு, எந்தத் திகதியில் பூசியது, எத்தனை மாதத்துக்குப் பொறுப்பு என்பதைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நாளை வண்டியை விற்கும்போது அந்தத் துண்டையும் சேர்த்துக் கொடுக்கலாம்.