பாக்சைட் இல்லாமலும் அலுமினா வரும், ஆனால்...

அலுமினியம் என்றால் பாக்சைட் என்றுதான் பள்ளியில் படித்தோம். நல்ல பாக்சைட் போதாத சோவியத் யூனியன், நெஃபலின் என்ற தாதுவிலிருந்தும் அலுமினா எடுத்தது. சுண்ணாம்புக் கல்லோடு சேர்த்துச் சூளையில் சுட்டுப் பிரித்தால் அலுமினா, சோடா, பொட்டாஷ் மூன்றும் கிடைக்கும். மிஞ்சும் கழிவு சிமெண்டுக்குப் போகும். ஒரு டன் அலுமினாவுக்கு சுமார் 10 டன் சிமெண்ட்!

காஸ்ட் அக்கவுண்டிங்கில் நாம் மண்டையை உடைத்துக்கொள்ளும் ஜாயிண்ட் பிராடக்ட் கணக்குதான் இது. அலுமினாவை மட்டும் விற்றால் கட்டுப்படியாகாது. நாலும் விற்க வேண்டும்.

ரஷ்யாவின் லெனின்கிராட் வட்டாரத்தில் பிகல்யோவோ என்று ஒரு சிற்றூர். அங்கே ஒன்றாக இருந்த இந்த ஆலை, சோவியத் போன பிறகு மூன்று முதலாளிகளிடம் பிரிந்தது. மூலப்பொருள் விலையில் தகராறு. ஆலைகள் நின்றன, சம்பளமும் நின்றது. 2009 ஜூனில் மக்கள் நெடுஞ்சாலையை மறித்தார்கள். அப்போது பிரதமராக இருந்த புதின் நேரில் வந்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவைத்தார்.

மாற்றுத் தாது என்றதும் எல்லோரும் வேதியியலைப் பற்றியே பேசுகிறார்கள். நெஃபலினைப் பொறுத்தவரை அது எப்போதோ தீர்ந்த விஷயம். என்னைக் கேட்டால், முதல் கேள்வி இதுதான்: அத்தனை சிமெண்டை யார் வாங்குவார்கள்? லாபம், நஷ்டம் எல்லாம் ஒரே கணக்குப் புத்தகத்தில் இருக்குமா?