அளந்து அள்ளுவோம்

ஒன்றிய அரசு 2023-இல் 30 கனிமங்களை முக்கியக் கனிமங்கள் என்று பட்டியலிட்டது. 2025 ஜனவரியில், 16,300 கோடி ரூபாய் மதிப்பில் அவற்றுக்கென ஒரு தேசிய இயக்கத்துக்கும் ஒப்புதல் அளித்தது. லித்தியமும் கோபால்ட்டும் அருமண் தனிமங்களும் இல்லாமல் இன்றைய மின்கலங்களில் பலவும் காற்றாலைகளில் பலவும் இல்லை. ஆகவே இந்த முயற்சியை மனமார வரவேற்கிறோம். ஆனால் நம் புவியியல் துறையின் ஆட்களும் கருவிகளும் கவனமும் அந்தப் பக்கமே சாய்ந்துவிடக் கூடாது. ஒரு குடும்பத்துக்குக் கூரையும் கழிப்பறையும், ஊருக்குப் பள்ளிக்கூடமும் சாலையும், நிலத்துக்குச் சத்தும் தருபவை மணல், ஜல்லி, செங்கல்மண், சுண்ணாம்புக்கல், வண்டல் முதலிய மலிவான கனிமங்களே.

உலகம் ஓராண்டில் பயன்படுத்தும் மணலும் சரளையும் ஏறத்தாழ 5,000 கோடி டன் என்று ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2022 அறிக்கை மதிப்பிடுகிறது. ஐ.நா.வின் 17 நீடித்த வளர்ச்சி இலக்குகளில் கனிமத்துக்கென்று தனி இலக்கு எதுவும் கிடையாது. ஆனாலும் வீட்டுவசதி, குடிநீர், சுகாதாரம், உணவு என அவற்றில் பல இந்தப் பொருள்கள் உரிய இடத்துக்கு, உரிய விலையில் போய்ச் சேர்வதை நம்பியே நிற்கின்றன.

விலை என்று வரும்போது, இந்தக் கனிமங்களுக்குக் குவாரி வாசலில் ஒரு விலை, கட்டுமான இடத்தில் வேறொரு விலை. இடையில் ஏறுவது பெரும்பாலும் லாரி வாடகை. தமிழ்நாட்டில் 2030-க்குள் 8 லட்சம் வீடுகள் என்ற குறிக்கோளுடன் 2024-இல் அறிவிக்கப்பட்ட கலைஞர் கனவு இல்லத் திட்டத்தில், 360 சதுர அடி வீட்டுக்கு அரசு தருவது 3.50 லட்சம் ரூபாய். அந்தத் தொகைக்குள் வீட்டை முடிக்கப் போராடும் குடும்பத்துக்கு, ஒரு யூனிட் மணல் எத்தனை கிலோமீட்டர் தள்ளியிருந்து வருகிறது என்பது வாழ்க்கைப் பிரச்சினை. கடைக்கால் போட்டதோடு நின்றுபோன வீடுகளை நம்மில் பலரும் களப்பணியில் பார்த்திருக்கிறோம்.

அப்படியென்றால் ஆற்றைத் திறந்துவிடலாமா? கூடாது. தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகளில் 2003-இல் 38-ஏ விதி சேர்க்கப்பட்டு, மணல் அள்ளும் உரிமையை அரசே தன்வசம் எடுத்துக்கொண்டது. உரிமை கைமாறியதால் மட்டும் ஆறு பிழைத்துவிடவில்லை. மணல் தட்டுப்பாட்டால், 2017-இல் மலேசியாவிலிருந்து தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் கப்பலில் மணல் வந்து இறங்கும் நிலை ஏற்பட்டது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில், கொள்ளிடத்தின் குறுக்கே உள்ள முக்கொம்பு மேலணையின் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டபோது, கொள்ளிடத்தில் மணல் அள்ளியதே காரணம் என்று ஒரு சாரார் சொன்னார்கள், மற்றொரு சாரார் மறுத்தார்கள். இத்தகைய வழக்கைத் தீர்க்க வேண்டியவை ஆண்டுதோறும் ஒரே இடத்தில் எடுக்கப்பட்ட ஆற்றுப் படுகையின் குறுக்குவெட்டு அளவுகள். அவற்றைத் தர வேண்டியவர்கள் நாம்.

முழுத் தடையும் தீர்வாகாது. சட்டப்படியான குவாரிகளை ஒட்டுமொத்தமாக மூடினால் திருட்டுக் குவாரிகள் காளான்போல் முளைக்கும் என்று பீகார் மணல் குவாரி வழக்கில் 2021-இல் உச்ச நீதிமன்றம் குறிப்பிட்டது. வரம்பின்றி அள்ளுவதற்கும் கண்ணை மூடிக்கொண்டு தடுப்பதற்கும் வேர் ஒன்றே: எவ்வளவு இருக்கிறது, ஆண்டுக்கு எவ்வளவு புதிதாக வந்து சேர்கிறது, எவ்வளவு தேவை என்ற மூன்று கணக்குகளும் கையில் இல்லாமை.

அந்தக் கணக்கை இப்போது சட்டமே கேட்கிறது. 2012-இல் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, 5 ஹெக்டேருக்கும் குறைவான சிறு கனிமக் குத்தகைகளுக்கும் சுற்றுச்சூழல் அனுமதியைக் கட்டாயமாக்கியது. 2016-இல் மாவட்டக் கள ஆய்வறிக்கை என்ற ஏற்பாடு வந்தது. ஆற்றில் புதிதாக எவ்வளவு மணல் வந்து சேர்கிறது என்று அளக்கும் மீள்சேர்க்கை ஆய்வு இல்லாத அத்தகைய அறிக்கை செல்லாது என்று 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. இந்த ஆய்வை இனிச் சடங்காகச் செய்ய முடியாது. மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் படுகையை அளக்க வேண்டும் என்பது பொதுவிதி. ஆனால் காவிரியில் வெள்ளம் தென்மேற்குப் பருவத்தை ஒட்டி வருகிறது. தாமிரபரணியிலோ வடகிழக்குப் பருவத்தில். ஒரே தேதியில் இரண்டையும் அளந்தால் இரண்டும் பொய்யாகும். 1934 முதல் மேட்டூர் அணை மேலிருந்து வரும் வண்டலையும் மணலையும் பெருமளவு தடுத்து நிறுத்துகிறது என்பதையும் கணக்கில் கொள்ளாமல், காவிரிக்கு ஏட்டுச் சூத்திரத்தைப் பொருத்துவது தவறு.

ஆற்றுமணலின் சுமையைக் குறைக்க, பாறையை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் இன்றியமையாதது. ஐ.எஸ். 383 தரநிலை அதை முறையாக ஏற்கிறது. 75 மைக்ரான் சல்லடையில் இறங்கும் நுண்தூள் 15 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கிறது. ஆயினும் கிரஷர் தூளே எம்-சாண்ட் என்ற பெயரில் விற்கப்படும் இடங்கள் உண்டு. அதில் ஏமாறுவது பெரிய ஒப்பந்ததாரர் அல்ல. அவரிடம் ஆய்வகம் இருக்கிறது. ஒரே ஒரு வீடு கட்டுபவர்தான் ஏமாறுகிறார். சல்லடைச் சோதனை முடிவு நடைச்சீட்டோடு சேர்ந்தே வர வேண்டும் என்று கோருகிறோம். அதோடு, பாறையைத் துளைப்போரின் நுரையீரலில் சிலிக்காத் தூள் படிந்தால் மீட்க வழியில்லை. ஈரத் துளையிடலும் நீர்த் தெளிப்பும் குத்தகை நிபந்தனைத் தாளில் மட்டும் இருந்தால் போதாது. தொழிலாளியின் உயிரை விலையாகக் கொடுத்துக் கிடைக்கும் கனிமத்தை மனித வளர்ச்சிக்கானது என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை.

கனிமம் எளியவர்களுக்கு எட்ட வழி செய்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம்மிடமே முன்மாதிரி இருக்கிறது. ஏரி, குளங்களின் வண்டலை உழவர்களும் மண்பாண்டத் தொழிலாளர்களும் கட்டணமின்றி எடுத்துக்கொள்ள 2017-இல் அரசு வழிவகுத்தது. ஏக்கருக்கு நஞ்சைக்கு 75 கனமீட்டர், புஞ்சைக்கு 90 கனமீட்டர், மண்பாண்டத்துக்கு 60 கனமீட்டர் என வரம்பும் வைத்தது. வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்று 2024-இல் நடைமுறை எளிதானது. நிலம் வளம் பெறுகிறது, ஏரியின் கொள்ளளவும் கூடுகிறது. இங்கும் புவியியலாளருக்கு வேலை உண்டு. எந்த ஆழம்வரை வண்டல், எங்கே நீரைத் தாங்கும் களிமண் அடுக்கு தொடங்குகிறது என்று குறித்துக் கொடுக்காவிட்டால், பொக்லைன் அந்த அடுக்கையும் கிழித்துவிடும். பிறகு ஏரியில் நீர் நிற்காது.

ஆகவே துறை அன்பர்களிடம் மூன்று வேண்டுகோள்கள். மாவட்டக் கள ஆய்வறிக்கையில் இருப்பைப் போலவே தேவையையும் கணக்கிடுங்கள். வட்டவாரியாக எத்தனை வீடுகள், எத்தனை கிலோமீட்டர் சாலை என்று எழுதுங்கள். படுகை அளவுகளை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டும் அளவுக்கு எளிய தமிழில் வெளியிடுங்கள். கிராம சபை கேள்வி கேட்கட்டும். இடித்த கட்டடங்களின் கழிவிலிருந்து ஜல்லி எடுக்கும் வாய்ப்பையும் அதே அறிக்கையில் ஒரு கனிம மூலமாகச் சேருங்கள்.

இந்த இதழ் தன் பங்கைச் செய்யும். அடுத்த இதழ் முதல் மீள்சேர்க்கை ஆய்வுகளுக்குத் தனிப் பகுதி ஒதுக்குகிறோம். ஒரே ஆறு, ஒரே பருவம், முழுமையான அளவுகள் என்றிருந்தாலும் போதும், அனுப்புங்கள். அள்ளத் தகுந்த அளவு எதுவுமில்லை என்று உங்கள் ஆய்வு காட்டினால், அதையும் அதே மதிப்போடு வெளியிடுவோம்.