தீர்ந்துபோன பேட்டரி: சட்டம் இருக்கிறது, பெட்டி எங்கே?

இன்வெர்ட்டர் பேட்டரி பழுதானால் யாரும் அதைக் குப்பையில் வீசுவதில்லை. கடைக்காரர் பழையதை எடுத்துக்கொண்டு, புதியதன் விலையில் ஒரு தொகையைக் கழித்துக்கொள்கிறார். அதிலுள்ள ஈயத்துக்கு விலை உண்டு. ஆனால் ரிமோட்டில் தீர்ந்த செல், பொம்மையிலிருந்து கழற்றிய பட்டன் செல், உப்பிப்போன செல்போன் பேட்டரி ஆகியவற்றை யாரும் விலைக்குக் கேட்பதில்லை. அதனால் அவை சோற்றுக் கழிவோடு சேர்ந்து குப்பை வண்டிக்குப் போகின்றன.

இது சட்டம் இல்லாததால் வந்த நிலை அல்ல. 2001-ல் வந்த பழைய விதிகள் ஈய பேட்டரிகளை மட்டுமே கவனித்தன. அவற்றுக்குப் பதிலாக மத்திய அரசு 2022 ஆகஸ்டில் வெளியிட்ட பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் சிறிய செல் முதல் மின்வாகன பேட்டரி வரை எல்லாவற்றையும் உள்ளடக்குகின்றன. விற்ற பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளர், இறக்குமதியாளரின் பொறுப்பு. அவற்றைப் புதைக்கவும் எரிக்கவும் தடை உண்டு. மற்ற குப்பையோடு கலக்காமல் பிரித்துக் கொடுப்பது நம் கடமை. பேட்டரியின் மேல் குப்பைத் தொட்டி படம் போட்டு அதன் குறுக்கே அடித்திருப்பது இதைத்தான் சொல்கிறது.

பிரித்து வைத்ததை எங்கே கொடுப்பது என்பதுதான் கேள்வி. சில நகரங்களில், சில கடைகளில் சேகரிப்புப் பெட்டிகள் உள்ளன. பெரும்பாலான ஊர்களில், தெருக்களில் அவை கண்ணில் படுவதில்லை. விலையில்லாத கழிவைத் தேடி யாரும் வருவதில்லை. சட்டத்துக்கும் நம் வீட்டு வாசலுக்கும் இடையே விழுந்திருக்கும் இடைவெளி இதுதான்.

இதன் பாதிப்பு முதலில் ஏழைகளைத்தான் சேர்கிறது. குப்பை வண்டியில் நசுங்கும் லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும். பழைய நிக்கல்-காட்மியம் பேட்டரிகளில் உள்ள காட்மியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். இவற்றுக்கு நடுவே வெறுங்கையோடு நிற்பவர்கள் தூய்மைப் பணியாளர்களும் குப்பை பொறுக்குவோரும்தான். பாதையில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவதையும் ஈமானின் ஒரு கிளையாக நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். தொல்லையை நம் வாசலிலிருந்து அகற்றி இன்னொருவர் கையில் வைப்பது அந்தக் கிளையில் சேருமா?

வீட்டுக்குள்ளும் கவனம் தேவை. பட்டன் செல்லைக் குழந்தை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்துக்குள் கடுமையான புண்ணை உண்டாக்கும். தீர்ந்த செல்லிலும் அதற்குப் போதுமான மின்சாரம் மிச்சமிருக்கும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். செல்களைச் சாவி, சில்லறைக் காசோடு ஒரே டிராயரில் போட்டு வைக்கக் கூடாது; இரு முனைகளும் உலோகத்தில் பட்டால் சூடேறித் தீப்பிடிக்கலாம். உப்பிய பேட்டரியைக் குத்தவோ மீண்டும் சார்ஜ் போடவோ கூடாது. உறங்கும் முன் விளக்கை அணைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. படுக்கையில் போனை சார்ஜில் போட்டுவிட்டு உறங்குவதை நாம் யோசிக்க வேண்டும்.

அந்த இடைவெளியை மஹல்லா ஜமாஅத்கள் நிரப்ப முடியும். பள்ளிவாசல் வளாகத்தில், குழந்தைகளுக்கு எட்டாத, வெயிலும் மழையும் படாத இடத்தில் மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் பெட்டி போதும். லித்தியம் செல், பட்டன் செல், 9 வோல்ட் பேட்டரி ஆகியவற்றின் முனைகளில் டேப் ஒட்டிய பின்பே போட வேண்டும். உப்பியதையும் கசிவதையும் அதில் சேர்க்காமல், மணல் நிரப்பிய உலோக டப்பாவில் கட்டடத்துக்கு வெளியே வைக்க வேண்டும். பெட்டி நிறையக் காத்திருக்காமல், மாதம் ஒருமுறை நகராட்சியின் அபாயக் கழிவுச் சேகரிப்பிலோ, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்திடமோ ஒப்படைக்கலாம்.

கூடவே, வார்டு கவுன்சிலரிடம் ஒரு மனுவும் கொடுக்க வேண்டும். ஜமாஅத்தின் பெட்டி ஒரு தொடக்கம்தான். ஒவ்வொரு வார்டிலும் பெட்டி வைக்கும் பொறுப்பு நிறுவனங்களுக்கும் நகராட்சிக்கும் உரியது. நாம் பிரித்து வைத்துக்கொண்டு கேட்டால், அந்தக் கேள்விக்கு அவர்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும்.