காரணம் சொல்லாமல் நிறுத்தப்படும் காசு



1930இல் நமது தங்கவயல் சுரங்கத் தொழிலாளர்கள் கைரேகைப் பதிவை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். உழைப்பவனைக் குற்றவாளியாக நடத்தாதே என்பதே அன்றைய குரல். அவர்கள் வழிவந்த குடும்பங்கள் இன்று வங்கிக் கவுண்ட்டர் முன் அதே குரலை எழுப்ப வேண்டியிருக்கிறது.

2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. நந்திதுர்க் லைன்களிலிருந்து பலர் பெங்களூருக்கு ரயிலேறுகிறார்கள். சிலர் வளைகுடா நாடுகளுக்குப் போயிருக்கிறார்கள். மகன் அனுப்பிய பணம் 'பரிசீலனையில்' என்று நின்றுவிட்டால், இங்கே மருந்துக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் யார் கொடுப்பது?

வங்கிகள் சோதிப்பதற்குச் சட்டம் உண்டு. 2002இல் இயற்றப்பட்ட கள்ளப்பணத் தடுப்புச் சட்டம் 2005 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிறது. அனுப்புபவர், பெறுபவர் பெயர்களைத் தடைப்பட்டியல்களோடு ஒப்பிட வேண்டும். 5 லட்சத்துக்கு மேல் எல்லை தாண்டி வரும் தொகையை நிதிப் புலனாய்வுப் பிரிவுக்குத் தெரிவிக்க வேண்டும். இதை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் அடிபடுவது யார்?

நமது பெயர்களே நமக்கு வினையாகின்றன. பாஸ்போர்ட்டில் தகப்பனார் பெயர் முழுதாக இருக்கிறது. பாஸ்புக்கில் ஒற்றை எழுத்து இனிஷியல். கம்ப்யூட்டருக்கு இருவரும் வேறு வேறு ஆட்கள்! இடையிலுள்ள அயல்நாட்டு வங்கி பணத்தை நிறுத்தினால், நமது கிளைக்கே காரணம் தெரிவதில்லை.

சந்தேக அறிக்கை அனுப்பியதை வாடிக்கையாளரிடம் வங்கி சொல்லக் கூடாது என்பது விதி. அந்த அறிக்கையை மட்டும் காரணம் காட்டிக் கணக்கை முடக்கக் கூடாது என்பதும் ரிசர்வ் வங்கியின் விதிதான். முதல் விதியைச் சொல்லி வாய்மூடும் அதிகாரிகள், இரண்டாவதை மறப்பது என்ன நியாயம்? நேர்மையான உழைப்பாளியை இப்படி அலைக்கழித்தால் அவன் உண்டியல்காரனைத்தான் தேடுவான். அது சட்டவிரோதம், பணம் போனால் கேட்க நாதியில்லை.

எனவே தோழர்களே, எல்லாக் காகிதங்களிலும் பெயரை ஒன்றாக்குங்கள். சம்பளச் சீட்டு, வேலை ஒப்பந்தம், பணம் அனுப்பிய ரசீது, அதன் குறிப்பு எண் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். புகாரை எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம், கட்டணம் கிடையாது.

வங்கிகளிடம் நாம் கோருவது இரண்டே: என்ன ஆவணம் தேவை என்பதைத் தமிழிலும் கன்னடத்திலும் எழுதிக் கொடுங்கள், எத்தனை நாளில் முடியும் என்று சொல்லுங்கள். சோதனை நடக்கட்டும். வியர்வைக் காசு வீடு வந்து சேரட்டும்!