ஊகம் மருந்தாகாது! அளந்து கொடுங்கள்!

சென்ற மாரியில் நாவிதன்வெளி விவசாயி ஒருவர் தம் காணி வழக்குக் கடதாசிகளோடு நம்மிடம் வந்தார். கட்டை அவிழ்த்தபோது உத்தரவுப் பத்திரங்களுக்கிடையே அவர் மனைவியின் பிரசவ அட்டையும் கிடந்தது. முதற்பிள்ளை சுகமாய்ப் பிறந்து வளர்கிறது. இரண்டாவது பிள்ளை இரத்தம் வற்றி, உடல் வீங்கிப் பிறந்து, ஒரு பகலும் தங்கவில்லை. தாயின் இரத்தம் றீசஸ் நெகற்றிவ். முதற்பிரசவத்தின்பின் தடுப்பூசி போட்ட திகதி அட்டையில் இருக்கிறது. எவ்வளவு இரத்தத்தை எதிர்பார்த்து அந்த ஊசி போடப்பட்டது என்பதற்கு ஓர் எண்கூட இல்லை.

“ஊசி போட்டார்கள்தானே ஐயா, பிறகு ஏன்?” என்றார் அவர்.

நம்மிடம் விடை இல்லை. மருந்தின் அளவு குறைந்ததே காரணமெனச் சான்றின்றிக் கூற நாம் துணியோம். எந்த வைத்தியசாலையையும் குற்றக் கூண்டில் ஏற்றவும் இதை எழுதவில்லை. ஆனால் அந்தச் சான்றைத் தரவல்ல சோதனை 1957ஆம் ஆண்டு முதல் உலகில் இருக்கிறது. அதன் முடிவு ஏன் அந்த அட்டையில் இல்லை என்று கேட்பது நமது உரிமை, கேளாதிருப்பது குற்றம்.

விஷயம் இதுதான். நெகற்றிவ் இரத்தமுள்ள தாய், தகப்பன் வழியாகப் பொசிற்றிவ் இரத்தம் பெற்ற சிசுவைச் சுமக்கிறாள். பிரசவ வேளையில் சிசுவின் செங்குழியங்கள் சிறிது தாயின் இரத்தத்தில் கலக்கின்றன. தாயின் உடல் அவற்றை அந்நியரென்று கண்டு எதிர்ப்பொருளை உண்டாக்கி விடுகிறது. முதற்பிள்ளை பெரும்பாலும் தப்பி விடும். தண்டனை அடுத்த பிள்ளைக்கு! தடுப்பின்றி விட்டால் இத்தகைய தாய்மாரில் நூற்றுக்கு ஏறத்தாழ 16 பேருக்கு இக்கதி நேரும். 1968இல் பாவனைக்கு வந்த ‘அன்ரி டீ’ ஊசியைப் பிரசவத்தின்பின் 72 மணி நேரத்துள் போட்டால் அது நூற்றுக்கு இருவருக்கும் கீழே இறங்கிவிடும். எதிர்ப்பொருள் ஒருமுறை உருவாகிவிட்டாலோ, பின்னர் எந்த ஊசியும் அதை அழிக்காது.

ஆகவே ஊசி வேண்டும். ஆனால் எவ்வளவு வேண்டும்? கலந்த இரத்தம் எவ்வளவோ அவ்வளவுக்கு வேண்டும். 300 மைக்கிரோகிராம் மருந்து, சிசுவின் இரத்தம் 30 மில்லிலீற்றர் வரைக்கும் காவல் நிற்கும். அதற்குமேல் கலந்திருந்தால் ஒரு வேளை மருந்து போதாது. போதாத மருந்து, அரைவாசி கட்டிய வரம்பு. வெள்ளம் அதன் வழியாகவே வரும்.

இதை அளக்கும் வழியை ஜெர்மனியில் கிளைஹவர், பிரௌன், பெட்கே என்ற மூவர் 1957இல் வெளியிட்டனர். தாயின் இரத்தத் துளியைக் கண்ணாடித் தகட்டில் பூசி, அமிலக் கரைசலில் தோய்க்கிறார்கள். தாயின் குழியங்களிலுள்ள ஈமோகுளோபின் கரைந்தோடி, அவை வெறும் நிழல்போல் நிற்கின்றன. சிசுவின் ஈமோகுளோபின் அமிலத்துக்குக் கரையாது. சாயம் ஏற்றியதும் அக்குழியங்கள் செந்நிறமாய்த் துலங்குகின்றன. பின்னர் நுணுக்குக்காட்டியில் பார்த்து எண்ண வேண்டியதுதான்! 2000 குழியங்களில் 12 சிசுவினுடையவை என்றால் நூற்றுக்கு 0.6. தாயின் இரத்தத்தை 5000 மில்லிலீற்றர் எனக் கொண்டால், கலந்தது 30 மில்லிலீற்றர். பன்னிரண்டு இருபத்துநான்கானால் கலந்தது 60, மருந்தும் இருமடங்கு. மரைக்காலால் நெல் அளக்கத் தெரிந்த எவருக்கும் இந்தக் கணக்கு விளங்கும்.

“ஆயிரம் பிரசவங்களில் மூன்றில்தான் 30 மில்லிலீற்றருக்கு மேல் கலக்கிறது, அதற்காக எல்லாரையும் அளப்பதா?” என்பர் சிலர். அந்த மூவர் யார் என்பதை அளக்காமல் எப்படி அறிவீர்கள்? அறுவைப் பிரசவம், நஞ்சுக்கொடியைக் கையால் எடுத்தல், வயிற்றில் பட்ட அடி என்பவற்றில் மட்டும் சந்தேகித்தால் போதாது. பெரிய கலப்புகளிற் பாதியளவு சாதாரணப் பிரசவங்களிலேயே நிகழ்கின்றன. நட்டம் எவ்வளவென்று விசாரியாமல் எல்லாருக்கும் ஒரே நட்டஈடு விதிக்கும் நீதிபதியை நாம் நீதிபதி என்போமா?

“செலவு” என்பர் வேறு சிலர். தகடு, அமிலம், சாயம், நுணுக்குக்காட்டி: இவற்றுள் எது நம் நாட்டில் கிடையாதது? வேண்டியது பழகிய கண். எண்ணுபவர் கைக்குக் கை கணக்கு மாறும் என்பதும், தலசீமியாச் சாயலுள்ள தாய்மாரில் முடிவு பிழைக்கக்கூடும் என்பதும் உண்மையே. அதற்குப் பரிகாரம் பயிற்சியும், ஐயமான மாதிரிகளைப் பெரிய ஆய்வுகூடத்துக்கு அனுப்புதலும். தராசு சற்றே ஆடுகிறதென்று தராசையே எறிந்துவிடுவார் உண்டோ?

செல்வந்த நாடுகளின் நடைமுறையையும் பாருங்கள். பிரித்தானிய வழிகாட்டல் குறைந்தது 500 அலகு ஊசியைப் போட்டு, கலப்பையும் அளக்கச் சொல்கிறது. அமெரிக்காவில் அதன் மும்மடங்கான 1500 அலகைப் போடுகிறார்கள்; அங்கும் அதிகக் கலப்பு உண்டா என்று சோதித்தே விடுகிறார்கள். சிறிய அளவு கொடுப்பவனும் அளக்கிறான், பெரிய அளவு கொடுப்பவனும் அளக்கிறான்.

இனி நாவிதன்வெளிக்கு வருவோம். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தால் நீர் கண்ட மண் இது. வாய்க்காலின் கடைக்கோடிக் காணிக்குத் தண்ணீர் எப்படிப் போய்ச் சேரும் என்பதை இங்குள்ள விவசாயிக்கு எவரும் கற்பிக்கத் தேவையில்லை. மதகைத் திறந்தோம் என்பது கணக்கன்று. வயலுக்கு எவ்வளவு வந்தது என்பதே கணக்கு. மாரி வெள்ளம் கிட்டங்கித் தாம்போதியை மூடிக் கல்முனைப் போக்குவரத்தைத் துண்டித்ததை இம்மக்கள் பலமுறை கண்டிருக்கிறார்கள். வெள்ளம் வடியும்வரை அந்த 72 மணி நேரம் காத்திருக்குமா?

ஆகவே கல்முனைப் பிராந்தியச் சுகாதார அதிகாரிகளிடமும் சுகாதார அமைச்சிடமும் நாம் பகிரங்கமாகக் கேட்கிறோம். நாவிதன்வெளித் தாயின் இரத்தம் எந்த ஆய்வுகூடத்தில் அளக்கப்படுகிறது? எத்தனை மணியில் முடிவு வருகிறது? மேலதிக ஊசி தேவையானால் அது எங்கே இருப்பில் உள்ளது? அளந்த எண் தாயின் அட்டையில் எழுதப்படுகிறதா? ஆம் எனில் கணக்கைக் காட்டுங்கள். இல்லையெனில் எந்தத் திகதியில் தொடங்குவீர்கள் என்று சொல்லுங்கள். முடிவு வரும்வரை முதல் ஊசியை நிறுத்தி வைக்குமாறு நாம் கூறவில்லை. ஊசியும் போடுங்கள், அளவும் பாருங்கள், குறைந்ததை நிரப்புங்கள்.

நம் தலைவர்களுக்கும் ஒரு சொல். கல்முனையில் செயலக எல்லை எதுவென்று இரு சமூகத் தலைவர்களும் ஆண்டுக்கணக்காக அளந்து கொண்டிருக்கிறார்கள். அந்த வழக்கின் நியாயத்தை இங்கே விசாரிக்க வரவில்லை. எல்லையை அளப்பதில் காட்டும் அக்கறையில் பத்தில் ஒன்றை இரத்தத்தை அளப்பதிலும் காட்டுங்கள் என்கிறோம். இந்நாட்டில் நூற்றுக்கு ஐந்து அளவினர் நெகற்றிவ் இரத்தத்தோர். அவர்களில் அன்னமலைத் தமிழ்த் தாயும் உண்டு, சாளம்பைக்கேணி முஸ்லிம் தாயும் உண்டு.

விவசாயப் பெருமக்களே! மனைவியின், மகளின் கிளினிக் அட்டையை இன்றே எடுத்துப் பாருங்கள். நெகற்றிவ் என்றிருந்தால், பிரசவமானதும் “ஊசி போட்டீர்களா?” என்பதோடு நில்லாதீர்கள். “அளந்தீர்களா? எவ்வளவு?” என்று கேளுங்கள். படித்த பெரியோரே! கேட்கத் தயங்கும் குடும்பத்துக்காக நீங்கள் எழுதிக் கேளுங்கள்.

நெல்லை அளந்தே விற்கிறோம். காணியை அளந்தே எழுதுகிறோம். பிள்ளையின் உயிரை மட்டும் கண்மதிப்புக்கு விடுவதா?